குளித்த பின் இறங்க வேண்டிய தொட்டி

வீட்டின் பின்புறத்திலோ மேல்தளத்துத் திறந்தவெளியிலோ, நாலைந்து பேர் ஒருங்கே அமர்ந்து கழுத்தளவு வெந்நீரில் அமிழ்ந்திருக்கத்தக்க பெருந்தொட்டி ஒன்றை அமைத்துக்கொள்ளும் வழக்கம், அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவின் குளிர்நாடுகளிலும் மத்தியதர வகுப்பினரிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. நம்முடைய மலைவாச ஸ்தலங்களின் விடுதி விளம்பரங்களிலும் ஜக்கூசி என்ற பெயர் இப்போது சாதாரணமாகக் காணப்படுகிறது. இதனை ஆடம்பரம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எனக்கு உடன்பாடன்று. உழைத்துக் களைத்த சரீரத்தை வெந்நீரில் ஆழ்த்தி இளைப்பாறுதல் மனித குலம் நெடுங்காலமாக அறிந்த ஆறுதல்களில் ஒன்று. அதை வீட்டிலேயே அனுபவிக்க ஒருவர் விரும்புவதில் குறை காண நியாயமில்லை. ஆனால், அத்தொட்டியை வாங்குபவர் தாம் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு இன்னதென்று அறியாமலே அதை ஏற்றுக்கொள்கிறார் என்பதும், விற்பவரும் அதை அவருக்கு எடுத்துரைப்பதில் போதிய சிரத்தை காட்டுவதில்லை என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

இத்தொட்டியின் வரலாறு ஒரு தகப்பனின் கவலையிலிருந்து தொடங்குகிறது. வட இத்தாலியின் பிரியூலி பிரதேசத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிக் கலிபோர்னியாவில் தொழில் நடத்திய ஜக்கூசி சகோதரர்கள் எழுவர், முதலில் விமானங்களுக்கான சுழல்விசிறிகளையும் பின்னர் விமானத்தையுமே கட்டினார்கள். 1921-இல் அவர்களுடைய விமானம் விபத்துக்குள்ளாகிச் சகோதரர்களில் ஒருவர் உயிரிழந்த பிறகு ஆகாயத்தை விட்டுப் பூமிக்குத் திரும்பி, விவசாயக் கிணறுகளுக்கு நீர் இறைக்கும் பம்புகளைச் செய்வதில் முனைந்தார்கள். அவர்களுள் இளையவரான காண்டிடோ ஜக்கூசியின் மகன் கென்னத், குழந்தைப் பருவத்திலேயே மூட்டுவாத நோய்க்கு ஆளாகி, மருத்துவமனையில் சுழலும் வெந்நீரில் அளிக்கப்பட்ட சிகிச்சையால் சிறிது ஆறுதல் பெற்று வந்தான். அந்த ஆறுதல் மருத்துவமனைக்குச் செல்லும் நாட்களில் மட்டுமன்றி அன்றாடம் வீட்டிலேயே கிட்டவேண்டும் என்று கருதிய தகப்பனார், தம் குடும்பத்தார் நன்கறிந்த பம்பையே சிறிதாக்கிச் சாதாரணக் குளியல் தொட்டியில் வைக்கத்தக்கதாகச் செய்தார். அது ஜே-300 என்ற பெயரால் 1956-இல் விற்பனைக்கு வந்தது. பிறகு 1968-இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த ராய் ஜக்கூசி, பம்பையும் நீர்த்தாரைகளையும் தொட்டியின் சுவரிலேயே பொருத்தி அமைத்தார்.

மகனின் வேதனைக்காகச் செய்யப்பட்ட பம்பை வைத்த தொட்டியிலும் அதன்பின் வந்த ராய் ஜக்கூசியின் தொட்டியிலும், ஒவ்வொரு குளியலுக்கும் புதுநீர் நிரப்பப்பட்டது. குளித்து முடித்ததும் அந்நீர் வெளியேறிவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா முதலிய இடங்களில், திராட்சை மது ஊறவைக்கும் பெரிய மரத் தொட்டிகளைத் திறந்தவெளியில் நிறுத்தி, நீரை அப்படியே தேக்கிவைத்து வேண்டும்போதெல்லாம் சூடேற்றி இறங்கும் பழக்கம் தோன்றியது. இன்று வீடுகளில் விற்கப்படும் தொட்டி, உருவத்தில் ஜக்கூசிக் குடும்பத்தின் வாரிசாக இருப்பினும், இயல்பில் அந்த மரத் தொட்டியின் வாரிசேயாகும். ஆயிரம் லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் அதில், ஒருமுறை நிரப்பிய நீர் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அதே நீராகவே நிற்கிறது. குடும்பத்தாரும் விருந்தினரும் மாறிமாறி அதில் இறங்குகிறார்கள். வியர்வையும் எண்ணெயும் தோலின் துகளும் அதிலேயே சேர்கின்றன. நீச்சல் குளத்திலும் இப்படித்தானே என்று கேட்கலாம். நீச்சல் குளத்தின் நீர் குளிர்ந்தது, அளவில் மிகப் பெரியது. இத்தொட்டியின் நீரோ அளவில் சிறியது, சூடானது, காற்றால் ஓயாமல் கலக்கப்படுவது. கிருமிகளை அழிக்கும் குளோரின் சூட்டிலும் குமிழிகளிலும் விரைந்து போய்விடுகிறது; அழிக்கப்படவேண்டிய கிருமிகளோ அதே சூட்டில் தழைக்கின்றன.

இதனால் விளையக்கூடிய கேடு எத்தகையது என்பதற்கு ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நெதர்லாந்து தேசத்துப் போவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில் புகழ்பெற்ற மலர்க் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே வீட்டு உபயோகப் பொருள்கள் வரிசையில் சுழல்நீர்த் தொட்டிகளும் இயங்கும் நிலையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. அவை குளிப்பதற்காக அன்று, பார்ப்பதற்காகவே வைக்கப்பட்டவை. ஆயினும் மருந்து சேர்க்கப்படாத அந்த வெதுவெதுப்பான நீரில் லீஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகி, குமிழிகள் வெடித்துத் தெறித்த நுண்திவலைகளில் ஏறிக் காற்றில் பரவி, அவ்வழியே நடந்து சென்றோரின் நுரையீரலை அடைந்தது. பூக்களைக் காணச் சென்றவர்களில் நூற்றுக்கணக்கானோர் கடுமையான நிமோனியாவுக்கு ஆளானார்கள். 30 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 1976-இல் பிலடெல்பியா நகர விடுதியொன்றில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் காரணம் தெரியாத காய்ச்சலால் மாண்டபோது முதன்முதலாகக் கவனத்துக்கு வந்த கிருமி இது. நாம் சுகமெனக் கருதும் வெப்பமே அதற்கும் சுகமான வெப்பம் என்பதை இத்தொட்டியின் சொந்தக்காரர் எவரும் மறத்தலாகாது.

இனி, இதே சுகத்தை நெடுங்காலமாக அன்றாட வாழ்வின் பகுதியாகவே கொண்டிருக்கும் ஜப்பானியரைப் பார்ப்போம். ஜப்பானிய இல்லத்தின் குளியலறையில் ஆழ்ந்த தொட்டி இருக்கிறது. அதில் 40 பாகை செல்சியசும் அதற்குச் சற்று மேலுமான சூட்டில் நீர் நிரம்பியிருக்கிறது. குடும்பத்தார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக அதே நீரில்தான் இறங்குகிறார்கள். ஆனால், தொட்டிக்கு வெளியே தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, சிறு வாளியால் நீர் மொண்டு ஊற்றி, சோப்பிட்டுத் தேய்த்து, நுரை சிறிதும் உடலில் ஒட்டியிராதபடி கழுவிய பிறகே ஒருவர் அதனுள் காலெடுத்து வைக்கிறார். அழுக்கைப் போக்கும் வேலை தொட்டிக்கு வெளியே முடிந்துவிடுகிறது. தொட்டி இளைப்பாறுவதற்கு மட்டுமே. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே மூடி போடப்படுகிறது. இரவு முடிந்ததும் அந்நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். பல வீடுகளில் மறுநாள் துணி துவைக்கவும் அதுவே பயன்படுகிறது. பின்னால் வருபவருக்காக நீரைத் தூயதாக விட்டுவைக்கவேண்டும் என்ற எண்ணம் அங்கே குழந்தைக்கும் பழக்கத்தால் படிந்துவிடுகிறது.

மேலை நாடுகள் இத்தொட்டியின் சுகத்தை ஏற்றுக்கொண்டன. அதைத் தூயதாக வைத்திருந்த ஒழுக்கத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. தோட்ட வேலை முடிந்த உடம்போடும், முகப்பூச்சும் வாசனைத் தைலமும் பூசிய மேனியோடும், சலவைச் சோப்பு ஊறிய நீச்சலுடையோடும் இறங்கிவிட்டு, அவ்வளவையும் குளோரின் சரிசெய்துவிடும் என்று நம்புவது அங்கே வழக்கமாகிவிட்டது. குளோரினுக்குத் தன் வேலையைச் செய்யும் சக்தி உண்டுதான். ஆனால் வியர்வையையும் அழுக்கையும் எதிர்ப்பதிலேயே அது செலவாகிவிட்டால் கிருமியை எதிர்க்க எஞ்சுவது சொற்பம். தொட்டியருகே மூக்கைத் துளைக்கும் நெடியை நிறைய மருந்து போட்டிருப்பதற்கு அடையாளமாகப் பலர் கொள்கிறார்கள். உண்மையில் அது வியர்வை முதலியவற்றோடு சேர்ந்து சக்தியிழந்த குளோரினின் நெடியாகும். நன்கு பேணப்படும் நீருக்கு ஏறக்குறைய வாசனையே இல்லை.

ஜப்பானியரின் ஒழுக்கம் ஒன்றே எல்லாவற்றையும் காத்துவிடும் என்று நான் வாதிடவில்லை. அந்நாட்டிலேயே 2002-இல் ஹியூகா நகரில் புதிதாகத் திறக்கப்பட்ட வெந்நீர்க் குளியல் கூடத்தில், ஒரே நீரைக் குழாய்களின் வழியே சுழற்றிச் சுழற்றிப் பயன்படுத்தியதும் சுத்திகரிப்பில் நேர்ந்த குறையும் காரணமாக, லீஜியோனெல்லா பரவி உயிர்ச் சேதம் நேர்ந்தது. கழுவிக்கொண்டு இறங்கும் மக்களிடையேயும், நீரைத் தேக்கிச் சுழற்றத் தொடங்கியவுடன் அபாயம் வந்துவிட்டது. ஆகையால் தேங்கிய நீரை வைத்திருப்பவருக்குக் கழுவிக்கொண்டு இறங்குதல், மருந்து, நீர் மாற்றுதல் ஆகிய மூன்றும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

மருந்தைப் பற்றி அறியவேண்டியது அதிகமில்லை, ஆனால் தவறாமல் செய்யவேண்டியது. நீரில் குளோரின் பத்து லட்சத்தில் 3 பங்குக்குக் குறையாமல் இருக்கவேண்டும். அமில காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு ஏறத்தாழ 7.2-க்கும் 7.8-க்கும் இடையே நிற்கவேண்டும். அது 8-ஐ எட்டிவிட்டால் நீரிலுள்ள குளோரினில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே வீரியத்தோடு வேலை செய்யும் என்பதால், மருந்தை மேலும் மேலும் கொட்டியும் பயனில்லாமல் போகிற வீடுகள் பல. சோதனைத் தாளை நீரில் நனைத்து அதன் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. இறங்குவதற்கு முன் இதைச் செய்யவேண்டும். இறங்கி எழுந்த மறுநாள் உடலெங்கும் சிவந்த கொப்புளங்கள் தோன்றிய பிறகு செய்வதில் அர்த்தமில்லை. தொட்டியின் வெப்பம் 40 பாகையைத் தாண்டலாகாது. கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாமல் இறங்கலாகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இறக்கவே கூடாது. மது அருந்தியவர் விலகியிருப்பதே உயிருக்கு நல்லது.

நீர் மாற்றும் காலத்தைக் கணிக்க ஓர் எளிய விதி உண்டு. தொட்டியின் கொள்ளளவை அமெரிக்க கேலனில் எடுத்து மூன்றால் வகுத்து, வரும் ஈவைத் தினந்தோறும் இறங்குவோரின் எண்ணிக்கையால் மீண்டும் வகுத்தால் கிடைப்பது நாட்கணக்கு. ஏறத்தாழ 1200 லிட்டர் கொள்ளும் தொட்டியில் தினம் இருவர் இறங்கினால் ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறையும், நால்வர் இறங்கினால் நான்கு வாரத்துக்குள்ளும் நீரை மாற்றவேண்டும். மாற்றும்போது தொட்டியைத் துடைத்தால் மட்டும் போதாது. கண்ணுக்குத் தெரியாத குழாய்களின் உட்சுவரில் கிருமிகள் வழுவழுப்பான படலமாகப் படிந்து, மருந்து எட்டாத அடைக்கலத்தில் வாழ்கின்றன. பழைய நீர் உள்ளபோதே அதற்குரிய சுத்திகரிப்பு மருந்தை இட்டுப் பம்பை ஓடவிட்டு அப்படலத்தைக் கரைத்த பின்னரே வடிக்கவேண்டும். மாதக்கணக்காக மூடிக்கிடந்த தொட்டியை விருந்தினர் வருகைக்காகச் சூடேற்றி, பழைய நீரிலேயே ஒருபிடி மருந்தைப் போட்டு இறங்குவோரைப் பற்றித்தான் எனக்குப் பெருங்கவலை.

வெளியேற்றும் நீரை ஓடையில் விடுவது மீன்களுக்குக் கேடு. மூடியைத் திறந்துவைத்துக் குளோரின் முழுதும் நீங்கிவிட்டதென்று சோதித்தறிந்த பிறகே அதை மண்ணில் பாய்ச்சலாம். மின்செலவும் இலேசானதன்று, 1000 லிட்டர் நீரை 15 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 29 யூனிட் மின்சாரம் வேண்டும். அதன்பின் வெப்ப இழப்பைப் பெரிதும் குறைப்பது மூடியே. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் வெப்பம், 500 லிட்டருக்கு மேற்பட்ட நீரை ஒரு பாகை குளிரச் செய்யப் போதுமானது. நீர் ஊறிக் கனத்துப்போன மூடியை மாற்றாமல் மின்கட்டணத்தை நொந்துகொள்வதில் பயனில்லை.

இவ்வளவையும் வீட்டில் யாரோ செய்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டால் எவரும் செய்யமாட்டார்கள். இன்னார் பொறுப்பு என்று ஒருவரைக் குறித்து, அவர் வெளியூர் செல்லும் நாட்களில் மற்றொருவர் என்று வகுத்துக்கொள்ளாத குடும்பம் இத்தொட்டியை வாங்காதிருப்பதே மேல். தொட்டியருகிலேயே ஒரு நீர்க்குழாயையும் உட்கார ஒரு மணையையும் அமைத்துவிட்டால், கழுவிக்கொண்டு இறங்கும் வழக்கம் விருந்தினரிடமும் சொல்லாமலே படியும். விற்பனை செய்யும் நிறுவனங்கள், இருக்கைகளின் எண்ணிக்கையையும் விளக்குகளின் வண்ணத்தையும் விளம்பரப்படுத்தும் அதே எழுத்தில், வாரந்தோறும் செய்யவேண்டிய வேலையையும் ஆண்டுதோறும் ஆகும் செலவையும் பணம் பெறுமுன்பே வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்கவேண்டும் என்று அரசாங்கங்கள் கட்டாயப்படுத்துவது நியாயமானது. வாடகைக்கு விடப்படும் விடுமுறை வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் இதைவிடக் கடுமையான விதி தேவை. அன்றன்று சோதித்த அளவுகளையும் கடைசியாக நீர் மாற்றிய தேதியையும் எழுதிய குறிப்பேடு தொட்டியருகே, வருவோர் கண்ணில் படும்படி இருக்கவேண்டும். அத்தகைய விதி வரும்வரை, தங்கச் செல்பவர்கள் அக்குறிப்பேட்டைத் தாமே கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். அப்படி ஒன்று இல்லையென்று விடுதியார் சொன்னால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பிக் குழாய்த் தண்ணீரிலேயே குளித்துக்கொள்ளட்டும்.