எண்ணெய்க் கணக்கு

எங்கள் கல்லூரி வேப்பமரத்தடியில் நிறுத்தப்படும் மோட்டார் சைக்கிள்களுள் என்னுடைய ஹொண்டாவே வயதில் மூத்தது. எண்ணெய் மட்டத்தைக் காட்டும் முள் அதில் இல்லை. சென்ற கிழமை மாணவரொருவர் அதனை உற்று நோக்கி, "ஐயா, எண்ணெய் முடியப்போவதை எப்படி அறிகிறீர்கள்?" என வினாவினார். முள்ளில்லாத வண்டி குறையுடையது என்னும் எண்ணம் அவ்வினாவினுள் அடங்கியிருந்தது. அதற்கு யான் உடன்படேன்.

பொருளை அறிதற்குக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைச் சித்தாந்த நூலார் கொள்வர். பெற்றோலை அறிதற்கும் அவை போதும். மூடியைத் திறந்து பகலொளியில் உள்ளே நோக்குதல் காண்டல். தெளிவாகத் தோன்றாவிடின், உலர்ந்த ஈர்க்கொன்றை விட்டு நனைந்த அளவைப் பார்க்கலாம். இருளில் நெருப்புக்குச்சி கிழித்துப் பார்ப்பவர்க்கு இக்கட்டுரை பயன்படாது. வண்டியை அசைத்து ஓசை கேட்டலும் காண்டலின்பாற்படும், செவியும் பொறியன்றோ?

முள்ளோ உரையளவை. தாங்கியினுள்ளே மிதவையொன்று கிடந்து, எண்ணெயுடன் ஏறியிறங்கும். அதன் கை மின்தடையொன்றின்மேல் நகர, அதற்கேற்ப முள் அசையும். ஆண்டுகள் செல்லத் தடை தேயும். மிதவை துளைபட்டு அமிழும். அன்றியும், தாங்கி மேலுங்கீழும் ஒரே அகலமுடையதன்று. ஆதலின் முள் பாதி என்று காட்டுமிடத்து உள்ளிருப்பது பாதியாய் இருத்தல் வேண்டுமென்பதில்லை. உரைப்போன் ஆப்தனாயின் அன்றோ உரை அளவையாகும்? பழைய வண்டிகளின் முட்களுட் பலவற்றை யான் ஆப்தர் எனக் கொள்ளேன்.

எஞ்சிய கருதலே என் கட்சி. பழைய வண்டிகளைச் செய்தோர் அதற்கெனவே ஒரு நல்ல அமைப்பினை வைத்துள்ளனர். தாங்கியின் அடியிலுள்ள திருகு மூன்று நிலைகளையுடையது. ஒரு நிலையில் எண்ணெய் அடைபடும். மற்றொன்றில், தாங்கியினுள்ளே உயர்ந்து நிற்கும் சிறு குழாயின் வாய்வழியே இறங்கும். மட்டம் அவ்வாய்க்குக் கீழே தாழ்ந்ததும் இயந்திரம் திணறும். அப்பொழுது மூன்றாம் நிலைக்குத் திருப்பின், தாங்கியின் அடியிலுள்ள துளைவழியே எஞ்சியது வரும். இதுவே 'றிசேவ்'. இதற்குச் 'சேமம்' என்று பெயரிடலாமே என்றார் அன்பரொருவர். சொல் நன்று, ஆனால் வண்டி திருத்துமிடத்தில் அதனைச் சொல்லிப் பார்த்த எனக்குத் திருகைக் காட்டியே விளக்க வேண்டியதாயிற்று.

திருகு திணறலால் உணர்த்தும். தூரத்தை அறிவதற்குக் கணக்கு வேண்டும். எனது பையில் ஒரு சிறு கொப்பி உண்டு. தாங்கியை முழுதும் நிரப்பும்போது வண்டி காட்டும் கிலோமீற்றரை அதிற் குறிப்பேன். றிசேவ் வந்த இடத்தையும் குறிப்பேன். ஆறு முறை குறித்ததில் மிகக் குறைந்தது 341 கிலோமீற்றர். மிகக் கூடியது 388. கூட்டிச் சராசரி காண்போர் பலர். யான் குறைந்ததையே கொள்வேன். பின்னே ஒருவர் இருந்தாலும், பண்ணைப் பாலத்திற் சோளகக் காற்று எதிர்த்தாலும், கணக்குச் சராசரியின்படி நடப்பதில்லை. முந்நூறாகும்போதே நிரப்பிவிடுவேன். றிசேவின் அளவையும் ஒருமுறை சோதித்தேன்: ஒரு லீற்றர் பெற்றோலைச் சிறு கலமொன்றிற் கொண்டுபோய், வண்டி நிற்கும்வரை ஓட்டினேன். 46 கிலோமீற்றர் ஓடிற்று.

இதனை மிகை என்பார் உளர். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், கார்புரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடிய தலைமுறை எங்களுடையது. துளிக்கணக்கு எங்களுக்குப் பழக்கம். 2022 யூலையில் கியூ.ஆர். முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்றாயபோது, தாங்கியை நிரப்பிக் கணக்கெடுத்தல் இயலாதாயிற்று. லீற்றருக்கு 45 கிலோமீற்றராக நான்குக்கு 180 எனக் கொண்டேன்; கல்லூரிக்குப் போய்வர நாளுக்கு 22, ஐந்து நாளைக்கு 110. எஞ்சிய எழுபதிலேதான் ஏனைய அலுவல் யாவும்.

அவ்வாண்டிலேயே, வண்டியை இரவலாகக் கொண்டுபோன நண்பரொருவர், றிசேவில் விட்டதைத் திருப்பிவையாமலும் எனக்குச் சொல்லாமலும் தந்துவிட்டார். யானும் திருகைப் பார்த்திலேன். மூன்றாம் நாளிரவு, இழுப்பினால் வருந்திய அயல்வீட்டுச் சிறுவனையும் அவன் தாயையும் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகையில், இருபுறமும் வயலாயுள்ள இடத்தில் வண்டி திணறிற்று. திருகிற் கை வைத்தேன். அது முன்னரே றிசேவில் இருந்தது. அந்நேரத்தில் அத்தாய் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிலுள்ளது. பழைய தாங்கி சட்டத்தின் இருபுறமும் கவிந்திருத்தலின், திருகில்லாத பக்கத்தில் எண்ணெய் சிறிது தங்கிவிடும். அதனை நினைந்து வண்டியைத் திருகின் பக்கமாகச் சரித்துப் பிடித்து நிமிர்த்தினேன். அவ்வெண்ணெயில் ஒரு மைல் ஓடிற்று. அங்கே முச்சக்கர வண்டி கிடைத்தது. சிறுவன் பிழைத்தான். நண்பர்மேற் குற்றம் பாதி. பாராமல் ஏறிய என்மேற் பாதி. அன்றுமுதல், திருகைத் தொட்டுப் பார்த்தே வண்டியை இயக்குகிறேன்.

றிசேவைத் தொடாமலே பல்லாண்டு விட்டுவைப்பதும் தவறு. துருவும் அழுக்கும் அடியிலே தங்கும். வேண்டும் வேளையில் எண்ணெய்க்கு முன்னே அவை வந்து வழியை அடைக்கும். ஆண்டுக்கிருமுறையேனும் அதனைத் திறந்து ஓடவிடுக.

இவ்வளவையும் கேட்ட மாணவரிடம், அவர் வண்டியின் முள் சிவப்பைத் தொட்டபின் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று வினாவினேன். அவர் அறியார். இக்கிழமை அளந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு லீற்றர் பெற்றோலை உடன்கொண்டு போகும்படி சொல்லிவிட்டேன்.