வேலவனுக்குத் தினைமா, முதியவருக்குத் தினைக் கஞ்சி

தினைப்புனம் காத்து நின்ற வள்ளியம்மையை நாடி முருகப்பெருமான் முதலில் வேடனாக வந்தார். பின்னர் வேங்கை மரமாக நின்றார். அதன் பின் நரைத்த தலையும் தளர்ந்த நடையுமாக ஒரு கிழவராக வந்து சேர்ந்தார். கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்தின் வள்ளியம்மை திருமணப் படலம் இந்தத் திருவிளையாடலை விரித்துரைக்கிறது. கிழவேடம் கொண்ட பெருமான் எடுத்த எடுப்பில் காதலைக் கேட்கவில்லை. பசிக்கிறது என்றார். வள்ளியம்மை தேனும் தினைமாவும் எடுத்துக் கொடுத்தாள். உண்டதும் நீர்வேட்கை வந்தது. தினைமா தொண்டையில் அடைத்து விக்கல் எடுத்தது என்று கதை சொல்லும் பெரியோர் அதற்கு மேலும் சுவை கூட்டுவது உண்டு. வள்ளியம்மை சுனைக்கு அழைத்துச் சென்று நீர் காட்டிய பிறகே யானையும் கல்யாணமும் வருகின்றன.

அடியார்கள் இந்த நிகழ்ச்சியில் அருளைக் காண்பர். சமையலறையில் நிற்போர் அதனுடன் வேறொன்றையும் காணலாம். வறுத்து இடித்த தினைமா உலர்ந்த பண்டம். உமிழ்நீர் குறைந்து, பற்கள் தளர்ந்து, விழுங்கும் வேகமும் மட்டுப்பட்ட வயதில் அது எளிதில் இறங்காது. அதே தினையை, அதே தேனுடன், நீரும் பாலும் சேர்த்துக் குழைய வேகவைத்தால் இளஞ்சூடான இனிப்புக் கஞ்சியாகிறது. நிவேதனத்துக்குத் தினைமா, கிழவருக்குத் தினைக் கஞ்சி என்று வீட்டில் இரண்டையும் வைத்துக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை.

வள்ளிமலை வட ஆர்க்காட்டுப் பக்கம் இருந்தாலும் தினைக்கு உரிய நிலம் குறிஞ்சி. மலையும் மலை சார்ந்த இடமுமாகிய அந்நிலத்தின் தெய்வம் சேயோன். உணவு தினையும் மலைநெல்லும் மூங்கிலரிசியும். தேன் எடுப்பது தொழில். இந்த இலக்கணம் ஏட்டளவில் நின்றுவிடாமல் கண்ணுக்கும் தெரியும் இடங்களுள் ஒன்று பழனி மலைத்தொடர். அடிவாரத்தில் தண்டாயுதபாணி, உச்சியில், கோடைக்கானலில், குறிஞ்சி ஆண்டவர். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் இம்மலைச் சரிவுகளை நிறைத்தது. அம்மலரின் பெயரால் அமைந்த குறிஞ்சி ஆண்டவர் திருக்கோயிலை 1936ஆம் ஆண்டில் எழுப்பியவர் லீலாவதி இராமநாதன் அம்மையார். ஆஸ்திரேலியாவில் பிறந்து, சைவ நெறியைத் தழுவி, இலங்கைத் தமிழர் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர் அவர். மேகம் விலகிய வேளையில் அக்கோயில் அருகிலிருந்து நோக்கினால் கீழே பழனிப் பக்கத்துச் சமவெளி விரிந்து கிடக்கும்.

கோடைக்கானல் ஊராக உருப்பெற்றதே குளிரைத் தேடி வந்தவர்களால்தான். மதுரையில் பணிபுரிந்த அமெரிக்கப் பாதிரிமார் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சி 1845இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினர். மேலை நாடுகளில் குளிர்காலக் காலையில் பாலும் இனிப்பும் பட்டைத் தூளும் சேர்த்து ஓட்ஸ் கஞ்சி உண்பது பழைய வழக்கம். இன்று தமிழ்நாட்டு வீடுகளிலும், குறிப்பாக மருத்துவர் சொல்லிவிட்டார் என்ற காரணத்தால் முதியோரின் தட்டில், அந்த ஓட்ஸ் இடம் பிடித்துவிட்டது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஓட்ஸில் உள்ள கரையும் நார்ச்சத்து கொழுப்பைக் குறைக்கத் துணைபுரிகிறது. எனினும் கஞ்சி என்றாலே கடையில் வாங்கும் பொட்டலம் என்று பேரக்குழந்தைகள் நினைக்கும் நிலை வந்துவிட்டதுதான் வருத்தம். முருகன் கேட்டுண்ட தானியம் அதே கடையில் பக்கத்து அலமாரியிலேயே இருக்கிறது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அது கிடைப்பதும் எளிதாகிவிட்டது. 100 கிராம் தினையில் ஏறத்தாழ 12 கிராம் புரதம் உண்டு. அரிசியில் அதில் பாதியைச் சற்றே கடந்த அளவுதான்.

இந்தக் கஞ்சியைப் பற்றிப் பேசுவதற்கு முதன்மையான காரணம் ஒன்று உண்டு. தைப்பூசமோ பங்குனி உத்திரமோ சஷ்டியோ, பழனிக்கும் கோடைக்கும் செல்லும் முதியோரில் பலர் தரிசனம் முடியும் வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் நிற்பதைப் பெருமையாகக் கொள்கின்றனர். விடியலில் நீராடி, வழக்கமான மாத்திரைகளை மட்டும் விழுங்கிவிட்டு, வரிசையில் மூன்று மணி நேரம் நிற்போர் உண்டு. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளில் சிலவும் இன்சுலினும் உணவின்றி உடலில் வேலை செய்தால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருளும். மயங்கி விழவும் நேரும். மார்கழி, தை மாதங்களில் கோடைக்கானலின் இரவுக் குளிர் 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. அக்குளிரில் தாகமும் தெரியாது. நீர் அருந்துவதும் குறைந்துவிடும். விரத விதிகள் முதியோருக்கும் பிணியாளருக்கும் சிறுவருக்கும் தளர்வு தந்தே வகுக்கப்பட்டவை. பாலும் பழமும் கஞ்சியும் கொண்டு விரதம் காப்பது பெரியோர் ஒப்பிய வழிதான். கிழவராக வந்த பெருமானே பசியை மறைக்கவில்லை என்பதை வீட்டில் உள்ள பிடிவாதக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

இனிச் செய்முறை. இருவருக்கு அரை ஆழாக்குத் தினை போதும். கல், உமி நீக்கிக் களைந்து, நிழலில் உலர்த்தி, வெறும் வாணலியில் மணம் வரும் வரை வறுக்க வேண்டும். நிறம் மாறத் தொடங்கும்போதே இறக்கிவிடுவது நல்லது. கருகினால் கசப்பு ஏறும், பிறகு எவ்வளவு வெல்லம் போட்டாலும் அந்தக் கசப்பு போகாது. ஆறியபின் அம்மியிலோ மிக்ஸியிலோ ரவையாக உடைத்துக்கொள்ள வேண்டும். மாவாக்கினால் கட்டி தட்டும். முழுத் தினையாக விட்டால் பல்லிடுக்கில் சிக்கும். ஒரு வாரத்துக்கு வேண்டிய ரவையை ஒரே நாளில் உடைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொண்டால் காலை வேலை பாதி முடிந்தது.

அரை ஆழாக்கு ரவைக்கு மூன்று ஆழாக்கு நீர். இங்கேதான் மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். கோடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. ஆகையால் நீர் 100 பாகை வரை சூடேறாமல் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பானையில் தளதளவென்று கொதிப்பது தெரிந்தாலும் உள்ளே தானியம் வேகாமல் நிற்கும். மலைக்குப் புதிதாக வந்து, பருப்பு ஏன் வேகவில்லை என்று அடுப்பைத் திட்டுவோர் பலர், அடுப்பின்மேல் பழியில்லை. மதுரையில் 20 நிமிடத்தில் குழையும் கஞ்சிக்கு அங்கே அரை மணிக்கு மேலாகும். ரவையை முதல் நாள் இரவே நீரில் ஊறவைப்பது ஒரு வழி. கோடைக் குளிரில் விடிய விடிய ஊறினாலும் புளிக்காது. சமவெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குக்கர் இருப்பின் உள்பாத்திரத்தில் ரவையும் நீரும் வைத்து நான்கு விசில் விட்டால் உயரத்தின் குறையை அது ஈடுசெய்துவிடும்.

வெந்த கஞ்சியைக் கரண்டியால் மசித்து, காய்ச்சிய பால் ஒரு ஆழாக்கு ஊற்றிச் சிறு தீயில் இரண்டு கொதி விட வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு இனிப்பை எடுத்துக்காட்டும். வெல்லத்தைத் தனியே சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, கஞ்சியை இறக்கிய பிறகே சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துபோகும். கல்யாண வீட்டுப் பாயசத்திலும் நேரும் விபத்து இது. இருவருக்குச் சிறு எலுமிச்சம்பழ அளவு வெல்லம் தாராளம்.

மணப்பொருள்களில் சுக்குதான் தலைமை ஏற்கும். தட்டிப் பொடித்த சுக்கு கால் தேக்கரண்டி, இரண்டு ஏலக்காய், சிறு துண்டு பட்டை, விரும்பினால் அரிசியளவு ஜாதிக்காய்த் தூள். கிராம்பைக் கூட்டினால் மற்ற மணங்களை அது விழுங்கிவிடும், தவிர்ப்பதே மேல். ஏலக்காய்க்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கீழ்ப்பழனி மலைச் சரிவில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரத்துத் தோட்டங்களில் காப்பியும் மிளகும் ஏலமும் மலைவாழையும் கலந்து வளர்கின்றன. முருகப்பெருமான் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்தமையால் 'தாண்டிக்குதி' என்று வழங்கி, அதுவே தாண்டிக்குடி ஆயிற்று என்பது அவ்வூரார் சொல்லும் தலக்கதை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புகழ் தரும் விருப்பாட்சி வாழையும் இச்சரிவுகளின் விளைச்சல்தான். அப்பழத்தில் பாதியை வட்டமாக அரிந்து கஞ்சியின்மேல் இட்டால் வெல்லத்தில் பாதியைக் குறைத்துவிடலாம்.

தேன் சேர்ப்போர் கஞ்சி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் ஒரு தேக்கரண்டி விட வேண்டும். தேனைக் கொதிக்கவைக்கலாகாது என்பது சித்த, ஆயுர்வேத வைத்தியர்களின் பழைய விதி. பழனி மலைக் காடுகளில் பாறை இடுக்குகளில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுப்பதில் பளியர் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்தவர்கள். வள்ளியம்மை கொடுத்த தேனும் அவ்வாறு உயிரைப் பணயம் வைத்து எவரோ இறக்கிய தேனாகத்தான் இருந்திருக்கும்.

இனிப்பைப் பற்றி ஒரு மயக்கம் முதியோரிடையே வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டியும் தேனும் நாட்டு வெல்லமும் சர்க்கரை நோயாளிக்குத் தீங்கில்லை என்பதே அது. அது உண்மையன்று. வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத சில தாதுக்கள் அவற்றில் உண்டு. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் அவையும் பின்வாங்குவதில்லை. தினையும் மாவுச்சத்துதான், குழைத்துக் கஞ்சியாக்கும்போது அது இன்னும் விரைவில் செரித்துச் சர்க்கரையாகும். ஆகவே அந்நோயுள்ளவர் வெல்லத்தை விட்டு, பாலின் இனிமையும் ஏலமணமும் போதுமென்று அமைவது நன்று. பொடித்த பாதாமோ வேர்க்கடலையோ ஒரு கரண்டி சேர்த்தால் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படும். சிறு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டே மாற்ற வேண்டும். தைராய்டு மாத்திரை உண்போர் அதனை வெறும் வயிற்றில் நீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் கஞ்சியை அருந்தலாம்.

பதத்திலும் கவனம் வேண்டும். கட்டியான கஞ்சி தொண்டையில் நிற்கும். தண்ணீர் போல நீர்த்தது, விழுங்கச் சிரமப்படுவோருக்குப் புரையேறும். கரண்டியைச் சாய்த்தால் மெல்ல வழியும் பதமே சரி. நிமிர்ந்து உட்கார்ந்து, சிறுகச் சிறுக அருந்த வேண்டும். படுக்கையில் சாய்ந்தபடி ஊட்டுவது கூடாது.

விடியற்காலையில் சுவாமி விளக்கேற்றி, அகல் அளவு கஞ்சியை முதலில் வேலவன் முன் வைத்து, தீபம் காட்டி எடுத்தால் அதுவே பிரசாதமாகிவிடுகிறது. தரிசனத்துக்கு முன் உண்கிறோமே என்ற உறுத்தல் அப்போது முதியோருக்கு இராது. பழனியிலிருந்து கோடைக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலைப்பாதை, வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டுவது. புறப்படும் நாளில் அரைக் கிண்ணத்துக்கு மேல் வேண்டாம்; சுக்கைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம், குமட்டலுக்கு அது நல்ல மருந்து. மீதத்தை அகன்ற வாயுள்ள பிளாஸ்கில் ஊற்றி எடுத்துச் செல்லலாம். நேரமாக ஆகக் கஞ்சி இறுகும் என்பதால் வழக்கத்தைவிட ஒரு கரண்டி வெந்நீர் கூடுதலாக விட்டு மூட வேண்டும்.