மாவுப்பூச்சிக்குப் பருத்தி மருந்து வேண்டாம்

கேள்வி: ‘‘வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடத்தில் கத்தரி, கொய்யா, பப்பாளி, செம்பருத்தி வைத்திருக்கிறோம். பங்குனி பிறந்ததிலிருந்து இலையின் அடியிலும் காம்பிலும் வெள்ளையாக மாவு அப்பியதுபோல இருக்கிறது. கத்தரிக்காயைத் தொட்டால் கை பிசுபிசுக்கிறது. பருத்திக்கு வாங்கிய மருந்து மீதம் இருக்கிறது. அதை அடிக்கலாமா? இயற்கை முறையில் வழி உண்டா?’’
– வாசகி, இருக்கன்குடி, விருதுநகர் மாவட்டம்.

பதில்: பருத்தி மருந்தை அடிக்கக் கூடாது. இயற்கை முறையில் நல்ல வழி இருக்கிறது. செலவும் குறைவு.

செடியில் இருப்பது மாவுப்பூச்சி. சில ஊர்களில் கள்ளிப்பூச்சி என்பார்கள். இலையிலும் தண்டிலும் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீர்தான் கையில் பிசுபிசுக்கிறது. அதன்மேல் கரும்பூசணம் படர்ந்தால் இலை கறுத்துப் போகும். வெயிலும் வறட்சியும் இந்தப் பூச்சிக்குக் கொண்டாட்டம். அதனால்தான் சாத்தூர், இருக்கன்குடி பக்கத்துக் கரிசல் பூமியில் பங்குனி முதல் ஆடி வரை இதன் தொல்லை கூடுகிறது. நல்ல மழை பெய்தால் தானாகவே குறையும்.

பருத்தி மருந்து ஏன் கூடாது?

முதல் காரணம், அது சாப்பிடும் காய். பருத்திக்கான மருந்துப் புட்டியில் பருத்திக்கு உரிய அளவும் காத்திருப்பு நாளும்தான் அச்சிட்டிருக்கும். கத்தரிக்கு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று அதில் இருக்காது. ஏக்கர் கணக்கில் சொன்ன அளவை இரண்டு சென்ட்டுக்குக் குறைத்து ஊற்றும்போது கைக்கணக்காகிவிடும். மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த மத்திய அரசு 2005-லேயே தடை விதித்துவிட்டது. ‘கொஞ்சம்தானே’ என்று அதை வீட்டுக் கத்தரியில் அடித்தால், அந்தக் காய் அன்றாடம் பிள்ளைகளின் தட்டுக்குத்தான் வரும்.

இரண்டாவது காரணம், மருந்து பூச்சியின் மேல் படாது. வளர்ந்த மாவுப்பூச்சியின் உடலில் மெழுகுப் பூச்சு இருக்கிறது. முட்டைகள் பஞ்சுப் பைக்குள் இருக்கின்றன. ஒரு பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். மேலே தெளித்த மருந்து வழிந்து ஓடிவிடும். மாவுப்பூச்சியைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளுக்கோ மெழுகுக் கவசம் கிடையாது. அவைதான் முதலில் சாகும். பிறகு மாவுப்பூச்சி முன்னைவிட வேகமாகப் பெருகும்.

2008-ல் தமிழ்நாடு கற்றது

பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூர் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த பூச்சி இது. இங்கே அதற்கு எதிரி இல்லாததால் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவிப் பெரிய சேதம் செய்தது. மாற்றி மாற்றி மருந்து அடித்தும் அடங்கவில்லை.

2010-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பெங்களூரு பூச்சிகள் பணியகம், இந்தப் பூச்சியின் இயற்கை எதிரிகளான ஒட்டுண்ணிக் குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குளவியின் புழு உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டைத் துளைத்து வெளியே வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அந்தக் குளவிகளைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டது. சில மாதங்களிலேயே பூச்சி கட்டுக்குள் வந்தது. மருந்து அடிக்காத தோட்டத்தில்தான் குளவி தங்கும் என்பது அப்போது எல்லோருக்கும் சொல்லப்பட்ட பாடம்.

முதலில் பார்க்க வேண்டியது

எதையும் தெளிப்பதற்கு முன் காலையில் ஐந்து நிமிடம் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே அதேபோல வெள்ளையாக, ஆனால் நீளமான மாவு இழைகளோடு ஒரு புழு தெரியலாம். குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று நகரும். அது பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்பது. ‘பெரிய மாவுப்பூச்சி’ என்று நினைத்துப் பலரும் இதைத்தான் நசுக்குகிறார்கள். மாவுப்பூச்சி மந்தமானது, அளவில் சிறியது. வளர்ந்த பொறிவண்டு கருப்பாக, தலைப்பக்கம் ஆரஞ்சு நிறமாக இருக்கும்.

பழுப்பு நிறத்தில் உப்பி, ஓட்டை விழுந்த மாவுப்பூச்சிக் கூடுகள் தென்பட்டால் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இலைகளைக் கிள்ளாமல், தெளிக்காமல் விட வேண்டும்.

எறும்பையும் கவனிக்க வேண்டும். இனிப்பு நீருக்காக எறும்பு மாவுப்பூச்சியைக் காவல் காக்கும், பொறிவண்டையும் குளவியையும் விரட்டும். எறும்பைத் தடுக்காமல் மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது.

செய்ய வேண்டிய முறை

1. பூச்சி அப்பிய இலை, நுனிகளைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீர் வாளியில் மூழ்கவிட வேண்டும். மறுநாள் குழிவெட்டிப் புதைக்கலாம். பட்டாசு ஆலைகள் உள்ள வட்டாரம் என்பதால் குப்பையோடு சேர்த்துத் தீ வைக்க வேண்டாம்.

2. மிச்சம் இருப்பதைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, இலையின் அடிப்பக்கம் படும்படி கழுவ வேண்டும். பாதிப் பூச்சி இதிலேயே உதிர்ந்துவிடும்.

3. பப்பாளி, கொய்யா, செம்பருத்தியின் அடித்தண்டில் நான்கு விரல் அகலத்துக்குப் பாலித்தீன் தாளைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் கிரீஸ் அல்லது விளக்கெண்ணெய் தடவ வேண்டும். பட்டையில் நேராகத் தடவக் கூடாது. கிளை சுவரிலோ கம்பியிலோ உரசினால் எறும்பு அந்த வழியாக ஏறும். அதை வெட்டிவிட வேண்டும்.

4. அடுத்தது வேப்பங்கொட்டைக் கரைசல். ஓடு நீக்கிய வேப்பம்பருப்பு 500 கிராமை இடித்துத் துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். காலையில் பால் நிறம் வரும்வரை பிழிந்து வடிகட்டி, 10 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் 5 சதவிகிதக் கரைசல் தயார். அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். கொட்டை 3 மாதத்துக்குக் குறையாமலும் 8 மாதத்துக்கு மேற்படாமலும் இருந்தால் வீரியம் இருக்கும்.

5. வேப்பங்கொட்டை இல்லாதவர்கள் மீன் எண்ணெய் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கலாம்.

6. தெளிப்பது மாலையில்தான். பட்டாசு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கும் அதுவே வசதி. வெயிலில் அடித்தால் இலை கருகும், வேம்பின் வீரியமும் போகும். செடி வாடியிருந்தால் முதலில் தண்ணீர் பாய்ச்சி, மறுநாள் தெளிக்க வேண்டும். பறிக்க வேண்டிய காயைப் பறித்துவிட்டுத் தெளிப்பது நல்லது.

7. பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டைகள் பொரித்து வரும் குஞ்சுகளுக்கு மெழுகு இருக்காது. அவற்றைப் பிடிக்கத்தான் 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்க வேண்டும். ஒரே தெளிப்போடு நிறுத்துவதால்தான் பலருக்கும் ‘வேம்பு கேட்கவில்லை’ என்று தோன்றுகிறது. பூச்சி உள்ள இடத்தில் மட்டும் தெளித்தால் போதும். தோட்டம் முழுக்க நனைக்க வேண்டியதில்லை.

வேலியோரப் பார்த்தீனியத்தையும் துத்தியையும் பிடுங்க வேண்டும். மாவுப்பூச்சி அங்கே ஒதுங்கியிருந்து திரும்ப வரும். யூரியாவை அள்ளிப் போடக் கூடாது. தளதளவென்ற இளந்தண்டு சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு விருந்து. ஓரத்தில் கொத்தமல்லியைக் கொஞ்சம் பூக்க விட்டால் குளவிகளுக்குத் தேன் கிடைக்கும்.

மீதமுள்ள மருந்து

அதைக் கிணற்றிலோ ஊருணியிலோ வைப்பாற்றிலோ ஊற்றக் கூடாது. வேறு புட்டிக்கும் மாற்றக் கூடாது. பூட்டிய இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டி யோசனை கேட்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை அடித்திருந்தால், செடியில் உள்ள காய்களைப் பறித்துப் புதைத்துவிடுவது நல்லது. ஆட்டுக்கும் போடக் கூடாது.

மூன்று தெளிப்புக்குப் பிறகும் அடங்காவிட்டால், பூச்சியுள்ள இலையை மூடிய உறையில் போட்டு, அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். எந்த மாவுப்பூச்சி என்று தெரிந்தால் எந்தக் குளவி, எந்த வண்டு உதவும் என்று சொல்வார்கள்.

அடுத்த ஆண்டுக்கான வேலை ஆனியிலேயே தொடங்கிவிடும். மாரியம்மன் கோயில் ஊரில் வேப்பமரத்துக்குப் பஞ்சமில்லை. ஆடிக் கடைசி வெள்ளிக் கூட்டத்துக்கு முன்பே உதிரும் வேப்பம்பழங்களைப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைக்கலாம். ஓடு நீக்காத கொட்டை ஒரு கிலோ இருந்தால், ஒரு தெளிப்புக்கான பருப்பு கிடைத்துவிடும். ஐப்பசிக்குப் பிறகு வரும் பூச்சிகளுக்கும் அதே மூட்டை கைகொடுக்கும்.