நோயெதிர்ப்பு என்னும் அரைச்சொல்

உடலின் தற்காப்பைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் போர்ப்பரணிகளாகவே இருக்கின்றன. வெள்ளையணுக்கள் வீரர்கள், கிருமிகள் பகைவர்கள். பள்ளிப் பாடநூலில் நாமும் அப்படித்தான் படித்தோம். அந்த உருவகம் பாதி உண்மையையே சொல்கிறது என்பது நம் கருத்து.

தற்காப்பு வெறிகொண்டு உடலையே தாக்கிவிடாதபடி தடுக்கும் ஒருவகை டி உயிரணுக்கள் எலிகளில் இருப்பதை 1995இல் ஷிமோன் சகாகுச்சி காட்டினார். அவற்றுக்கு அடிப்படையான ஃபாக்ஸ்பி3 மரபணுவை 2001இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் அடையாளம் கண்டனர். மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதே ஃபாக்ஸ்பி3ஐத் தாங்கிய உயிரணுக்கள் பன்றியிலும் உண்டு.

பன்றியை ஏன் இழுக்கிறோம்? 2022 ஜனவரியில், அமெரிக்காவின் மேரிலாந்தில், 10 மரபணு மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியின் இதயம் ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அவர் இரண்டு மாதங்கள் வாழ்ந்தார். 2024 மார்ச்சில் பாஸ்டனில் பன்றியின் சிறுநீரகம் இன்னொருவருக்குப் பொருத்தப்பட்டது. அயல் உறுப்பை உடல் ஏற்க வேண்டுமானால் இன்று தற்காப்பு முழுவதையும் மருந்தால் ஒடுக்க வேண்டியிருக்கிறது. தொற்றுகளுக்கு வாசல் திறந்துவிடுகிறது. அந்த உறுப்பை மட்டும் பொறுத்துக்கொள்ளும்படி இவ்வுயிரணுக்களைப் பெருக்க இயலுமா என்பதே ஆய்வாளர்களின் தேடல்.

பன்றி மனிதனின் நகலும் அன்று. மனித இரத்தத்தில் அரிதாகவே காணப்படும், சிடி4, சிடி8 எனும் இரு அடையாளங்களையும் ஒருங்கே தாங்கிய டி உயிரணுக்கள் அதன் இரத்தத்தில் மிகுதி. அதன் நிணநீர்க் கணுக்களின் அமைப்போ உள்வெளியாகத் திரும்பியது. ஆகவே எலியில் கண்டதையோ மனிதனில் கண்டதையோ அதன்மேல் அப்படியே ஏற்றிவிட முடியாது. பன்றியைப் பன்றியாகவே பயில வேண்டும்.

இவ்வுயிரணுக்களுக்கு என்ன பெயரிடுவது? ‘அடக்கும்’ என்றால் அதிகாரம் தொனிக்கிறது. ‘ஒழுங்குமுறை’ என்றால் அரசாணை வாசம் வீசுகிறது. ‘நெறிப்படுத்தும் உயிரணுக்கள்’ என்பது நம் தேர்வு. பொறுமையைக் கண்மூடிப் போற்றுவதும் பிழை: புற்றுக்கட்டிகளைத் தற்காப்பின் தாக்குதலிலிருந்து மறைத்துக் காப்பவையும் இவைதாம். தாக்குவதைப் போலவே பொறுப்பதும் அளவறிந்து செய்யவேண்டிய வினை. அவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாத வரையில் நோயெதிர்ப்பு அரைச்சொல்தான்.

பன்றி என்பதை வசைச்சொல்லாகவே வைத்திருக்கும் நாம், அதன் இதயத்தை ஏற்கத் துணிந்த காலத்தில், அதன் உடலறிவைப் பேச நல்ல தமிழையேனும் தரலாம். இதைவிடப் பொருத்தமான சொல் நண்பர்களிடம் இருந்தால் மகிழ்ந்து ஏற்போம்.