உடுவிலில் பிறந்த பிள்ளை

யாழ்ப்பாணத்துச் சாட்டி ஆலயத்தில் சிந்தாத்திரை மாதாவை வேண்டிக்கொண்டு கடலில் இறங்கும் குடும்பங்களுக்குக் கடற்பயணத்தின் பயம் தெரியும். அமெரிக்க மிஷனரி ஹரியற் வின்ஸ்லோவும் அப்படியொரு கடற்பயணத்துக்காக 1819 ஜூனில் பொஸ்ரனில் கப்பலேறினார். கலியாணம் முடிந்ததும் அதே வருடம்தான். 1820இல் கணவர் மிரனோடு யாழ்ப்பாணத்து உடுவிலில் குடியேறினார்.

மிரனைத் தமிழுலகம் மறக்கவில்லை. 1862இல் வெளிவந்த அவருடைய தமிழ் – ஆங்கில அகராதி இன்றும் புரட்டப்படுகிறது. ஹரியற்றோ பிள்ளைகளைப் பெற்று வளர்த்தபடியே, 1824இல் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கி நடத்தினார். பெண்ணுக்கு ஏன் எழுத்து என்று ஊர் கேட்ட காலம் அது. அந்தப் பாடசாலைதான் இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி.

அந்தப் பணிக்கு அந்த வீடு கொடுத்த விலையை நாம் போதியளவு பேசவில்லை. மூத்த மகன் சாள்ஸ் உடுவிலில் பிறந்தவன். அவனைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1832 மே மாதம், நியூயோர்க்கில், 11 வயதில் இறந்துபோனான். கடிதம் ஒன்று வந்துசேரவே பல மாதமாகும். மகன் புதைக்கப்பட்ட பிறகும் பெற்றோர் அவனுக்காகச் செபித்துக்கொண்டிருந்திருப்பார்கள். 1833 ஜனவரியில் ஹரியற்றும் உடுவிலில் காலமானார்.

இன்று தமிழ்க் குடும்பங்களும் பிள்ளைகுட்டிகளோடு வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படுகின்றன. வழியனுப்பு ஆராதனையில் போதகருக்கு மாலை விழுகிறது. மனைவியின் வேலைக்குப் பெயருமில்லை, படியுமில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மொழி, வருடமொருமுறை ஊருக்கு வரும் செலவு ஆகியவற்றைச் சபைகள் பயணத்துக்கு முன்பே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். அழைப்பு பெற்றோருடையது, பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை.