நடுக்குழாய் சுடத்தான் செய்யும்

பழைய அம்பாசடரை ஆசையாக வைத்து ஓட்டுகிறவர்கள் பலரிடம் இப்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருக்கிறது. பானெட்டைத் திறந்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் குறிபார்த்து அமுக்கினால் எண் தெரியும். எண்கள் ஒன்றுபோல் இல்லை என்றதும் கை நேராகக் கார்புரேட்டர் ஸ்க்ரூவுக்குப் போய்விடுகிறது. அங்கே போகாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

2014-இல் தயாரிப்பு நின்ற அம்பாசடரில் நெடுங்காலம் இருந்தது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். இங்கிலாந்தின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் வகை. சிலிண்டர் நான்கு; புகை வெளியேறும் வாசல் மூன்றுதான். ஒன்றுக்கும் நான்குக்கும் தனி வாசல். இரண்டும் மூன்றும் நடுவாசலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டு சிலிண்டரின் வெப்பம் ஒரே வழியில் வந்தால் நடுக்குழாய் கூடுதலாகச் சுடத்தான் செய்யும். அது கோளாறே இல்லை. ஒப்பிட வேண்டியது ஓரத்துக் குழாய்கள் இரண்டையும் மட்டும்தான். அதுவும் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஹெட்டிலிருந்து ஒரே தூரத்தில். துருப்பிடித்த இரும்பில் கருவி ஓரளவு சரியாகச் சொல்லும். பளபளக்கும் குழாயில் குறைத்துக் காட்டும்.

ஓரங்களுக்குள் பெரிய வித்தியாசம் இருந்தால்? இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். அம்பாசடரில் கார்புரேட்டர் ஒன்றே ஒன்று. ஒரே கரண்டியில் நான்கு இலைக்கும் பரிமாறுகிறது. கலவையைக் கூட்டினாலும் குறைத்தாலும் நான்குக்கும் சேர்த்தே மாறும். டைமிங் பின்தங்கினாலும் அப்படித்தான், எல்லாக் குழாயும் சேர்ந்தே சூடேறும். ஒரு சிலிண்டர் மட்டும் வேறுபட்டால், காரணம் பெரும்பாலும் அந்தச் சிலிண்டரை ஒட்டியே இருக்கும். இதே வகை எஞ்சின் கொண்ட எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் கதை வேறு. அதில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் வித்தியாசம் வந்தால் முதலில் அவற்றின் சமநிலையைச் சந்தேகிக்கலாம்.

குளிர்ந்து நிற்கும் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். வண்டி ஆறியதும் ஒன்றாம் பிளக்கையும் நான்காம் பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. இல்லையென்றால் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. மாறாக ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியாக வெளிக்காற்று புகுந்து கலவை மெலிந்திருக்கலாம்.

அடுத்தது கம்ப்ரஷன். பிளக் நான்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து அளக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

வால்வு என்றதும் டேப்பெட் பற்றிச் சொல்லியாக வேண்டும். டேப்பெட் சத்தத்துக்குப் பயந்து இடைவெளியை இறுக்கி வைப்பது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். இறுகிய எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. சூட்டைச் சீட்டுக்குக் கடத்த முடியாமல், சத்தமே இல்லாமல் கருகும். லேசாகத் தட்டும் டேப்பெட் எவ்வளவோ மேல். சரிபார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு: கூட்டினால் ஒன்பது. எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வை அளக்க வேண்டும், ஏழு திறந்திருக்கும்போது இரண்டை. இப்படியே எட்டையும் முடித்துவிடலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் கார்புரேட்டரைத் தொடுங்கள். அளந்த எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது அந்த நோட்டும் கூடவே போகட்டும்.