புத்தகத்தின் ஓரம் எதற்கு?

தமிழ் வழியில் பயின்றுவிட்டு, கல்லூரியில் முதன்முதலாக ஆங்கில இயற்பியல் நூலைக் கையில் எடுக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பலருடைய நூலில் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் தலைமேலும் ஒரு தமிழ்ச் சொல் அமர்ந்திருக்கும். அகராதியைப் புரட்டி இரவெல்லாம் எழுதியவை அவை! ஆனால், "பாடம் புரிந்ததா?" என்று கேட்டால் தலை கவிழ்ந்துவிடும். தமக்கு இயற்பியல் வராது என்றே சிலர் முடிவுகட்டி விடுகின்றனர். குறை அவர்களது அறிவில் இல்லை. குறிப்பெழுதும் முறையில்தான் இருக்கிறது.

'மொமெண்ட்' என்ற சொல்லைப் பாருங்கள். கணப்பொழுது என்பது அதன் வழக்கமான பொருள். இயற்பியலில் அது விசையின் திருப்புத்திறன். 'நார்மல்' என்றால் இயல்பானது. ஒளியியலிலோ அது பரப்புக்கு வரையும் செங்குத்துக்கோடு. 'வொர்க்' என்றால் வேலை என்பது சரியே. ஆனால், 20 கிலோகிராம் மூட்டையைத் தலையில் சுமந்தபடி அசையாமல் நிற்பவர் அம்மூட்டையின் மீது செய்யும் வேலை சுழி! ஏனெனில் மூட்டைக்கு இடப்பெயர்ச்சி இல்லை. அதையே 1.5 மீட்டர் உயரம் தூக்கினால், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை 294 ஜூல். சொல்லுக்குச் சொல் பொருள் எழுதினால் இந்த வேறுபாடு தெரியுமா?

இன்னொன்று. நீண்ட சொற்களைத் தேடி ஓடுகிறவர்கள் சிறிய சொற்களைக் கவனிப்பதில்லை. நியூட்டனின் முதல் விதியில் வரும் 'அன்லெஸ்' என்ற சொல்லை விட்டுவிட்டால் விதியே போய்விடும். புறவிசை ஒன்று செயல்படாத வரையில்தான் பொருள் தன் நிலையில் நீடிக்கும் என்ற நிபந்தனை அச்சொல்லில் அல்லவா இருக்கிறது?

ஆகவே என் யோசனை இதுதான். முதலில் பென்சில் இல்லாமல் பத்தி முழுவதையும் படியுங்கள். மறுமுறை படிக்கும்போது கலைச்சொற்களை வட்டமிடுங்கள். நிபந்தனைச் சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள். விளங்காத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். பிறகு ஓரத்தில், பத்தியின் கருத்தை உங்கள் சொந்தத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். படம் வரைய முடிந்தால் இன்னும் நல்லது. அந்த வாக்கியத்தை எழுத வரவில்லையென்றால் பாடம் புரியவில்லை என்று பொருள். கேள்விக்குறியோடு ஆசிரியரிடம் செல்லுங்கள்.

"புத்தகத்தில் கிறுக்காதே" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நூலகப் புத்தகத்துக்கும் இரவல் புத்தகத்துக்கும் அது முற்றிலும் சரி. அவற்றுக்குத் துண்டுத்தாள் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தில் பென்சிலால் எழுதுவது கிறுக்கல் ஆகாது.

1637ஆம் ஆண்டையொட்டி, பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா, டயோபாண்டசின் எண்கணித நூலைப் படித்தபோது அதன் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அவர் மறைந்தபின், 1670இல் அவருடைய மகன் அக்குறிப்புகளை அந்நூலோடு சேர்த்து அச்சிட்டார். அந்த ஒரு குறிப்புக்கு ஆண்ட்ரூ வைல்ஸ் அளித்த நிரூபணம் வெளிவந்தது 1995இல்தான்! அந்த நூலும் ஃபெர்மாவின் தாய்மொழியில் எழுதப்பட்டதன்று.

மாணவர்களே, ஓரம் வெற்றிடமன்று. அது உங்கள் இடம். இன்றே ஒரு பத்தியில் தொடங்குங்கள்.